தோற்கும் அணியோடு நின்றவர்கள்

விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் வென்றவரைப் பற்றி விரிவாக எழுதுவர். தோற்றவரைப் பற்றி ஒரு வரி எழுதுவர். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் பந்தைத் தொடுவதில்லை; அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. தம் கைப்பொருளைக் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்குகிறார்; அமர்ந்து பார்க்கிறார்; ஆட்டம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகிறார். அவரைப் பார்வையாளர் என்கிறோம். பற்று மிகுந்தவராயின் ரசிகர் என்கிறோம். வெல்லும் அணிக்கு ரசிகர் சேர்வதில் வியப்பில்லை. பழுத்த மரத்தைப் பறவைகள் நாடத்தானே செய்யும்? ஆனால் தோற்றுக்கொண்டேயிருக்கும் ஓர் அணியைத் தேடி ஆண்டுதோறும் வருகிறவர் யார்? ஏன் வருகிறார்? அவர் வருவதால் ஏதேனும் பயன் விளைகிறதா? இக்கேள்விகளை முன்வைத்து, அமெரிக்க நாட்டில் பெண்கள் கூடைப்பந்து வளர்ந்த வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எத்தனையோ ஆட்டங்கள் இருக்க இதனை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. புகழ்பெற்ற ஆண்கள் அணி ஒன்று பத்து ஆண்டு தோற்றாலும் அதன் பெயரும் அரங்கும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். பெண்களின் தொழில்முறை அணிகளோ அவ்வாறல்ல. அவற்றுள் பல தோற்றபோது மறைந்தன. சில வென்றபோதுகூட மறைந்தன. ஆகவே அங்கே மூன்றாமவரின் வருகை வெறும் பொழுதுபோக்கன்று. அணியின் உயிர் பற்றிய செய்தி.

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நைஸ்மித் என்பவரால் உருவாக்கப்பட்டது. பனிக்காலத்தில் மாணவர்களுக்குக் கூரையின்கீழ் ஓர் ஆட்டம் வேண்டும் என்பதே அவர் தேடியது. பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைக் கூடத்தின் மேல்மாடத்தில் அறைந்து ஆட்டத்தைத் தொடங்கினார். அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். நம் பள்ளித் திடல்களில் நிற்கும் கூடைப்பந்துக் கம்பங்களுக்கும் அந்தப் பழக்கூடைகளுக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

அந்த ஆட்டம் தோன்றிய மறு ஆண்டே, 1892-இல், ஸ்மித் கல்லூரி என்னும் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893 மார்ச்சில் இரு வகுப்பினர் எதிரெதிரே ஆடினர். அன்று ஆடவர் எவருக்கும் உள்ளே இடமில்லை. உடற்பயிற்சி உடையில் பெண்கள் ஓடியாடுவதை ஆடவர் காண்பது முறையன்று என்பது அக்கால வழக்கம். 1896 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழக மகளிர் அணிகள் மோதின. ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று வென்றது. அங்கும் அவ்வாறே, நூற்றுக்கணக்கான பெண்கள் உள்ளேயிருந்து ஆரவாரம் செய்தனர், ஆடவர் வெளியே நின்றனர். பெண்கள் கூடைப்பந்தின் வரலாறு பார்வையாளருக்குக் கதவைச் சாத்தியதில் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இதே ஆட்டத்தைப் பார்த்து, ‘இதைக் காண யார் வருவார்?’ என்று கேட்டவர்கள் பலர்.

யார் வருவார் என்பதற்கு முதலில் விடை சொன்னது பெருநகரமன்று. அயோவா என்னும் வேளாண் மாநிலம். சோளக் காடுகளுக்கிடையே சிற்றூர்கள் நிறைந்த நிலம் அது. 1920-இலேயே பள்ளிச் சிறுமியருக்கு மாநிலப் போட்டி அங்கே நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பு, சிறுமியர் போட்டியாடுவது தகாது என்று கருதி அதைக் கைவிட முற்பட்டது. உடனே சிற்றூர்ப் பள்ளிகளின் தலைவர்கள் சிலர் எழுந்து எதிர்த்தனர், தோற்றனர், தோற்றபின் வெளியேறிச் சிறுமியர்க்கென்றே தனிச் சங்கம் ஒன்றை 1925-இல் நிறுவினர். இதைச் சொல்லும்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய எனக்குச் சற்றே பெருமிதம் உண்டாகிறது. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் ஆடியது ஆறு பேர் ஆட்டம். மூவர் ஒரு பாதியில் நின்று கூடையில் எறிவர். மூவர் மறு பாதியில் நின்று தடுப்பர். நடுக்கோட்டை எவரும் தாண்டலாகாது. பந்தை இரண்டு முறைக்குமேல் தட்டிச் செல்லவும் கூடாது. பெண்களின் உடல்நலத்தைக் காப்பதற்கென்று வகுத்த விதிகள் இவை. ஆனால் அயோவாவின் சிறுமியர் அவ்விதிகளுக்குள்ளேயே மின்னல் வேக ஆட்டம் ஒன்றை வளர்த்துவிட்டனர். மாநிலப் போட்டி நடக்கும் வாரத்தில் ஊரார் திரண்டு தலைநகராகிய டெமாயினுக்குச் சென்றுவிடுவர். 1968-இன் இறுதி ஆட்டத்தில் யூனியன்-விட்டன் பள்ளி எவர்லி பள்ளியைக் கூடுதல் நேரத்தில் 113-107 என்று வென்றது. வென்ற பக்கத்தில் டெனிஸ் லாங் 64 புள்ளிகள் எடுத்தார். தோற்ற பக்கத்தில் ஜீனட் ஓல்சன் 76 புள்ளிகள் எடுத்தார். தோற்றவர் மிகுதியாக எடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் ஆண்கள் அணி டெனிஸ் லாங்கைத் தன் ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. ஆண்கள் சங்கத்தின் தலைவர் அதைச் செல்லாது என்றார். பள்ளியில் பல்லாயிரவர் கண்டு மகிழ்ந்த ஓர் ஆட்டக்காரி, பள்ளியை விட்டபின் ஆடுவதற்குத் தொழில்முறைக் களமே நாட்டில் இல்லை.

பத்து ஆண்டுகள் கழித்து அக்களம் தோன்றியது. கல்விக்கூடங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்ற சட்டம் 1972-இல் வந்திருந்தது. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. இந்த ஊக்கத்தில் 1978 டிசம்பர் 9-ஆம் நாள், பெண்களின் முதல் தொழில்முறை லீக் மில்வாக்கி நகரில் தன் முதல் ஆட்டத்தை நடத்தியது. 7,824 பேர் வந்தனர். சிகாகோ அணி மில்வாக்கி அணியை வென்றது. எட்டு அணிகளோடு தொடங்கிய அந்த லீக் மூன்றே பருவங்கள் வாழ்ந்தது.

அவற்றுள் அயோவாவின் ‘கார்னெட்ஸ்’ அணி என் மனத்துக்கு இனியது. உடற்பயிற்சித் துள்ளுமேடையைப் புனைந்த ஜார்ஜ் நிசன் என்பவரே அதன் உரிமையாளர். அந்த அணியில் மாலி போலின் என்னும் ஆட்டக்காரி இருந்தார். ஆறு பேர் ஆட்டத்தில் வளர்ந்தவர். இயந்திரத் துப்பாக்கி என்று பட்டப்பெயர் பெறுமளவுக்குப் புள்ளிகளைக் குவித்தவர். சோளக்கொல்லை மக்கள் தங்கள் பெண்பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களாதலால் இவ்வணியையும் பார்க்க வந்தனர். ஆயினும் 1979, 1980 ஆகிய ஈராண்டும் இறுதிச் சுற்றில் தோற்ற அணி, மூன்றாம் பருவம் தொடங்குமுன் கலைந்தது. மின்னசோட்டா அணியின் நிலை இன்னும் கொடியது. ஊதியம் கிட்டாத அதன் ஆட்டக்காரிகள் 1981 மார்ச்சில் சிகாகோ ஆட்டம் தொடங்குமுன் களத்தைவிட்டு வெளியேறினர். காசு கொடுத்து உள்ளே வந்திருந்தவர்கள் கண்டது அதுதான். அவ்வாண்டே லீக் மறைந்தது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சிறந்த ஆட்டக்காரிகள் பிழைப்புக்காக இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் சென்றனர். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்றதும் மீண்டும் ஆர்வம் எழுந்தது. ஒரே காலத்தில் இரண்டு லீக்குகள் முளைத்தன. ஒன்று 1998 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே, பணமில்லாமல் மூடப்பட்டது. மற்றொன்று ஆண்கள் சங்கத்தின் துணையோடு நின்றது. டபிள்யூ.என்.பி.ஏ. என்று இன்று நாம் அறியும் லீக் அதுவே. அதன் முதல் ஆட்டம் 1997 ஜூன் 21-இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்தது. நியூயார்க் லிபர்ட்டி அணி 67-57 என்று வென்றது. சுதந்திர தேவியின் சிலை நிற்கும் நகரமாதலால் அந்தப் பெயர். அந்த அணியின் ரசிகர்களைப் பற்றியே இனி நான் மிகுதியாகப் பேசப்போகிறேன். அதற்கு முன் வேறு இரண்டு ஊர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

ஹூஸ்டன் நகரின் ‘காமெட்ஸ்’ அணி, 1997 முதல் 2000 வரை, முதல் நான்கு ஆண்டும் பட்டத்தை வென்றது. சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்ப்சன் என்று மூவர் அதன் தூண்கள். அதன் சிறிய ஆட்டக்காரி கிம் பெரட் 1999 ஆகஸ்டில் புற்றுநோயால் காலமானபோது நகரமே வருந்தியது. வெற்றி, புகழ், மக்களின் பாசம் ஆகிய மூன்றும் அதற்கு இருந்தன. இருந்தும் 2007-இல் அணி கைமாறியது. பின்பு சிறிய அரங்குக்குச் சென்றது. 2008 இறுதியில் வாங்குவார் இல்லாமல் கலைக்கப்பட்டது. வென்றால் வாழலாம் என்ற பழமொழி இங்கே பொய்த்தது.

அதே 2008-இல் சியாட்டில் நகரில் வேறொன்று நிகழ்ந்தது. அங்கே ஆண்கள் அணியும் ‘ஸ்டார்ம்’ என்னும் பெண்கள் அணியும் ஒரே உரிமையாளர்களிடம் இருந்தன. அவர்கள் ஆண்கள் அணியை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுசெல்ல விரும்பினர். பெண்கள் அணியின் கதி என்ன? பருவச் சீட்டு வாங்கி ஆட்டம் பார்த்துவந்த பெண்களே முன்வந்தனர். டான் ட்ரூடோ, லிசா பிரம்மல், ஜின்னி கில்டர், ஆன் லெவின்சன் என்னும் நால்வர் சேர்ந்து ஒரு கோடி டாலர் கொடுத்து அணியை வாங்கிக்கொண்டனர். தங்கள் நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பெயரில் ‘பத்தாம் விசை’ என்ற சொல் வருகிறது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் பத்து என்பது புயல். அணியின் பெயரும் புயல் என்பதே. நாற்பது ஆண்டு நின்ற ஆண்கள் அணி ஊரைவிட்டுப் போயிற்று. பெண்கள் அணி நின்றது. நின்றதோடு 2010, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் பட்டமும் வென்றது.

அந்த நால்வரும் வசதி படைத்தவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அன்புள்ள எல்லா ரசிகரிடமும் கோடி டாலர் இருப்பதில்லை. சாக்ரமெண்டோவிலும் ஷார்லட்டிலும் கிளீவ்லாந்திலும் அன்பு இருந்தது. வாங்கும் கைதான் இல்லை. 2002-இன் பின் அணிகளை நடத்தும் முறை மாறியதும் ஒன்றன்பின் ஒன்றாக அவை மறைந்தன. 1997-இல் தொடங்கிய எட்டு அணிகளுள் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், ஃபீனிக்ஸ் ஆகிய மூன்றே பிறந்த ஊரில் எஞ்சின.

இனி நியூயார்க். தொடக்க ஆண்டில் மாடிசன் சதுக்கத் தோட்டம் என்னும் புகழ்பெற்ற அரங்கில், ஆட்டத்துக்குச் சராசரியாக 13,000-க்கு மேற்பட்டோர் வந்தனர். அணியும் நன்றாகவே ஆடியது. ஆனால் கடைசிப் படியில் சறுக்கியது. 1997, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டும் இறுதிச் சுற்றில் ஹூஸ்டனிடம் தோற்றது. 2002-இல் லாஸ் ஏஞ்சலஸிடம் தோற்றது. 1999 செப்டம்பர் 4-இல் நடந்த ஓர் ஆட்டத்தைப் பழைய ரசிகர்கள் மறப்பதேயில்லை. ஹூஸ்டன் இரண்டு புள்ளி முன்னே நிற்கிறது, எஞ்சியது 2.4 விநாடி, வெற்றி நமதே என்று கூரையிலிருந்து வண்ணத் தாள் துணுக்குகள்கூடப் பொழியத் தொடங்கிவிட்டன. அப்போது தெரசா வெதர்ஸ்பூன் நடுக்கோட்டுக்கு அப்பாலிருந்து பந்தை வீசினார்; பந்து கூடையில் விழுந்தது; நியூயார்க் 68-67 என்று வென்றது. எத்தகைய வெற்றி! ஆனால் மறுநாளே ஹூஸ்டன் வென்று பட்டத்தைக் கொண்டுபோய்விட்டது. அந்த அணியின் ரசிகராக இருப்பதென்றால் என்ன என்பதை இந்த இரண்டு நாட்களே காட்டிவிடும்.

பின்வந்த ஆண்டுகளில் ஏற்றமும் இறக்கமும் இருந்தன. கூட்டம் சிறுகச் சிறுகக் குறைந்தது. 2017-இல் சராசரி பத்தாயிரத்தை ஒட்டி நின்றது. அவ்வாண்டு நவம்பரில், அணி விற்பனைக்கு என்று உரிமை நிறுவனம் அறிவித்தது. வாங்குவார் வருமுன், 2018-இல், பெரும்பாலான உள்ளூர் ஆட்டங்களை ஒயிட் பிளெயின்ஸ் என்னும் புறநகருக்கு மாற்றியது. நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஊர் அது. அரங்கு 1930-இல் கட்டப்பட்ட மாவட்ட மண்டபம். ஐயாயிரம் பேருக்குமேல் கொள்ளாது. ஏறத்தாழ இருபதாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கிலிருந்து அங்கே! அவ்வாண்டு 34 ஆட்டங்களில் அணி 7 வென்றது, 27 தோற்றது. வந்தோர் சராசரி மூவாயிரத்துக்கும் குறைவு.

அந்த மூவாயிரவருள் ஒருவரை நாம் மனக்கண்ணால் காண்போம். இவர் ஒரு தனி மனிதரல்லர். பலரைச் சேர்த்து நான் வரையும் ஓவியம். ஓர் அம்மையார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1972-க்கு முன் பள்ளியில் பயின்றவர். அவர் படித்த பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை. 1997-இல் அரங்கில் முதன்முறை அமர்ந்தபோது, தம் வாழ்நாளில் காண முடியாது என்று எண்ணிய ஒன்றைக் கண்டார். அன்றுமுதல் ஆண்டுதோறும் பருவச் சீட்டு வாங்குகிறார். வீட்டுக்கு அருகே இருந்த அரங்கு இப்போது தொலைவில். வேலை முடிந்ததும் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் வண்டி ஏறுகிறார், பழைய மண்டபத்தில் அமர்கிறார், அணி தோற்கிறது, இரவு வண்டியில் திரும்புகிறார். அடுத்த ஆட்டத்துக்கும் போகிறார்.

அவரைப் பைத்தியம் என்று அண்டை வீட்டார் சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சிறிய மண்டபத்தில் காலணி தரையில் உரசும் ஒலி கேட்கும். ஆட்டக்காரி சக ஆட்டக்காரிக்குச் சொல்லும் சொல் கேட்கும். இவர் குரலும் களத்துக்குக் கேட்கும். இருபதாயிரவருள் ஒருவராயிருந்தபோது இல்லாத ஒரு பொறுப்பு, மூவாயிரவருள் ஒருவரானபோது வந்துசேர்கிறது. ‘நான் போகாவிட்டால் ஓர் இருக்கை குறையும், அதை எண்ணிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்’ என்று அவருக்குத் தெரியும். வேறு அரங்குகளில் தமக்கு இடமில்லை என்று உணர்ந்த பலரும் இங்கே இடம் கண்டனர். தன்பால் காதல் கொண்ட பெண்களுள் பலர் தொடக்கமுதலே இவ்வணியின் உறுதியான ரசிகர்கள். நிருவாகம் தங்களைக் கண்டும் காணாததுபோல் நடத்துகிறது என்று அவர்கள் வெளிப்படையாகக் குறைகூறிய காலமும் உண்டு. குறைகூறியபின்னும் வந்தார்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பணியிலிருந்த நாட்களில் வட்டாரப் போட்டிகளுக்கு மாணவியரை அழைத்துச் செல்வேன். பெண்கள் ஆட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணி வெயிலில் வைப்பர். ஆண்கள் ஆட்டத்தை மாலை நிழலில், ஊரார் வேலை முடிந்து வரும் நேரத்தில் வைப்பர். பிறகு மேடையில் ஒருவர் எழுந்து, ‘பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆளே வருவதில்லையே!’ என்று வருந்திப் பேசுவார். வேருக்கு நீர் விடாமல் இலை வாடியதற்கு மரத்தைக் குறைகூறுவது போன்றது இது. ஒயிட் பிளெயின்ஸ் மண்டபத்தின் கணக்கைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டு மணி வெயில் நினைவுக்கு வந்தது. வரலாறு பயிலும் மாணவர்கள் ஓர் எண்ணைக் காணும்போது, அந்த எண் எவ்வாறு உண்டாயிற்று என்றும் கேட்க வேண்டும். மூவாயிரம் என்பது மக்களின் தீர்ப்பா, அல்லது மக்களைத் தொலைவில் நிறுத்தியதன் விளைவா? என் கருத்து பின்னதே. அதற்குச் சான்று அடுத்த ஆறு ஆண்டுகளில் கிடைத்தது.

2019 ஜனவரியில் ஜோசஃப் சாய் என்னும் செல்வர் அணியை வாங்கினார். புரூக்ளின் பகுதியில் உள்ள பெரிய அரங்கு இனி அணியின் இல்லம் என்று அறிவிக்கப்பட்டது. ரசிகர்கள் பெருமூச்சு விட்டனர். ஆனால் 2020-இல் கொள்ளைநோய் வந்தது. லீக் முழுவதையும் ஃபுளோரிடாவில் ஓரிடத்தில் வைத்துப் பார்வையாளர் இல்லாமலே ஆட்டங்களை நடத்தினர். 1896-இல் ஆடவருக்கு மட்டும் சாத்திய கதவு, இப்போது எல்லாருக்கும் சாத்தப்பட்டது. அந்த ஆண்டின் முதல் தேர்வாக அணிக்கு வந்த சபரினா அயனெஸ்கு மூன்றாம் ஆட்டத்திலேயே கணுக்கால் சுளுக்கி வெளியேறினார். 22 ஆட்டங்களில் வெற்றி இரண்டே. வரலாற்றின் அடிமட்டம் அது.

2021-இல் புரூக்ளினில் கதவு திறந்தது. எல்லி என்னும் யானை வேடமும் அவ்வாண்டே களத்துக்கு வந்து ஆடத் தொடங்கியது. 1884-இல் சர்க்கஸ் உரிமையாளர் பர்னம் புரூக்ளின் பாலத்தின் உறுதியை மக்களுக்குக் காட்ட 21 யானைகளை அதன்மேல் நடத்திச் சென்றார். அந்த நிகழ்ச்சியின் நினைவாகவே யானை வந்ததாம். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு யானை புதிதன்று. அந்நகரக் குழந்தைகளோ அதன் ஆட்டத்துக்கு மயங்கினர். கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 2023-இல் பிரியானா ஸ்டூவர்ட், ஜான்குவல் ஜோன்ஸ் முதலிய தலைசிறந்தோர் வந்துசேர, அணி 40 ஆட்டங்களில் 32 வென்று இறுதிச் சுற்றை எட்டியது. எட்டி, வழக்கம்போல் தோற்றது. அவர்களைத் தோற்கடித்த லாஸ் வேகாஸ் அணியின் பயிற்சியாளர் பெக்கி ஹாமன். ஒருகாலத்தில் நியூயார்க்கில் ஆடி, இதே ரசிகர்களின் கண்ணுக்குக் கண்ணாக இருந்தவர். விதிக்கும் நகைச்சுவை உண்டு போலும்.

2024-இல் ஆறாம் முறையாக இறுதிச் சுற்று. எதிரே மின்னசோட்டா. முதல் ஆட்டத்தில் 18 புள்ளி முன்னே இருந்தும் நியூயார்க் தோற்றது. பழைய ரசிகர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எனினும் ஐந்தாம் ஆட்டம்வரை அணி தாக்குப்பிடித்தது. அக்டோபர் 20 இரவு, 18,090 பேர் முன்னிலையில், ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்க ஸ்டூவர்ட் இரண்டு தனி எறிகளையும் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 67-62 என்று நியூயார்க் வென்றது. அணி தொடங்கி 28-ஆம் பருவத்தில் முதற் பட்டம். நான்கு நாள் கழித்து, விண்வெளி வீரர்களும் போர்த் தளபதிகளும் ஊர்வலம் சென்ற பிராட்வே தெருவில் அணி ஊர்வலம் சென்றது.

அந்த 18,090 பேருள் ஒயிட் பிளெயின்ஸ் வண்டியில் சென்றவர்கள் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. பெரும்பாலோர் புதியவர்களாகவே இருந்திருப்பர், அதில் குறையில்லை. ஆனால் 2018-இல் அந்த மண்டபம் முற்றிலும் வெறிச்சோடியிருந்தால், 2019-இல் அணியை வாங்க ஒருவர் துணிந்திருப்பாரா? வாங்குவோர் வரவுசெலவைப் பார்ப்பதுபோல், விடாப்பிடியாக நிற்பவர் சிலராவது உண்டா என்பதையும் பார்ப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன். ஹூஸ்டனில் ரசிகர் இருந்தும் வாங்குவார் வரவில்லை என்பதை முன்னரே சொன்னேன். ஆகவே ரசிகரால் மட்டும் அணி பிழைக்கும் என்று நான் கூறமாட்டேன். ரசிகர் இல்லாமல் பிழைத்த அணி எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவேன்.

2025 ஜூனில் லீக் ஓர் அறிவிப்புச் செய்தது: கிளீவ்லாந்துக்கு 2028-இலும் டெட்ராயிட்டுக்கு 2029-இலும் மீண்டும் அணிகள் வரும் என்பது அது. கிளீவ்லாந்து தன் அணியை இழந்தது 2003-இல். அங்கே யாரேனும் பழைய அணியின் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்திருப்பார்கள். இருபத்தைந்து ஆண்டு என்பது ஒரு சட்டைக்கு நீண்ட காலந்தான்.

நியூயார்க் அணியோ, பட்டம் வென்ற மறு ஆண்டே, 2025-இல், முதற் சுற்றில் ஃபீனிக்ஸ் அணியிடம் தோற்று வெளியேறியது. புதிய ரசிகர்கள் திகைத்துப் போயினர். பழையவர்களுக்கு அது பழக்கப்பட்ட செய்தி.